பாடசாலை மண்டபத்தில் தொடுதிரை: பலகை போனது, பெயர்களை எப்படிக் காப்பாற்றுவது?

பொன்னெழுத்து எழுதியது:

வணக்கம். கொழும்பு தெற்கில் உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கச் செயற்குழுவில் இருக்கிறேன். விஷயம் இன்னும் பொதுக்கூட்டத்துக்கு வரவில்லை, அதனால் பாடசாலையின் பெயரை விட்டுவிடுகிறேன்.

எங்கள் பிரதான மண்டபத்தில் மேடைக்கு இடப்பக்கம் ஒரு பெரிய மரப்பலகை தொங்கியது. சிரேஷ்ட மாணவ தலைவர்கள், கிரிக்கெட் அணித் தலைவர்கள், உயர்தரத்தில் முதலிடம் வந்தவர்கள் என்று எல்லாப் பெயரும் பொன்னிற எழுத்தில். காலைக் கூட்டத்தில் நிற்கும்போது மேலிருந்து கீழாக வாசித்து வாசித்து அந்தப் பெயர்கள் எனக்கு மனப்பாடம். 2009ஆம் ஆண்டோடு பலகையில் இடம் முடிந்துவிட்டது. அதற்குப் பின் வந்த பிள்ளைகளின் பெயர்களைத் தாளில் அச்சடித்துக் கீழே ஒட்டியிருந்தார்கள்.

போன மாதம் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் பலகையைக் கழற்றினோம். பின்பக்கம் முழுக்கக் கறையான் மண். விரலால் மெல்லத் தட்டினேன், ஒரு மூலை அப்படியே உதிர்ந்தது. 1964, 1965, 1966. மூன்று வருடப் பெயர்கள் தூளாக என் உள்ளங்கையில் கிடந்தன. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர்கள் காசு தருகிறோம் என்கிறார்கள். பலகைக்குப் பதிலாக ஒரு பெரிய தொடுதிரை. ஆண்டைத் தொட்டால் படம், பெயர், சாதனை எல்லாம் வரவேண்டும். கூட்டத்தில் பாதிப் பேர் உடனே வாங்குவோம் என்கிறார்கள், மிச்சப் பேர் வீண் செலவு என்கிறார்கள். எனக்குத் திரை வேண்டும். ஆனால் அதற்குள் என்ன போடப்போகிறோம் என்பதுதான் பயம். அதிபர் அறைக்குப் பின்னால் ஒரு இரும்பு அலுமாரி நிறையப் படங்கள் இருக்கின்றன. யாரும் திறந்து கனகாலம். இப்படி ஏதாவது செய்து பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

திரைவேலைத் தம்பி எழுதியது:

அண்ணை, இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, வீட்டு டிவி வாங்கி அதில் தொடுசட்டம் மாட்டுவோம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். வீட்டு டிவி நாளைக்கு நாலைந்து மணித்தியாலம் ஓடச் செய்தது. மண்டபத்தில் காலை முதல் மாலை வரை எரிய வேண்டும். அதற்கென்று ஒரு நாளைக்கு 16 மணித்தியாலம், 24 மணித்தியாலம் என்று கணக்குச் சொல்லி விற்கிற வர்த்தகத் திரைகள் இருக்கின்றன. ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் நிழல் நிரந்தரமாகப் பதிந்துவிடும் வகைத் திரைகளும் உண்டு, ஓஎல்ஈடி அப்படிப்பட்டது. அது வேண்டாம்.

இரண்டாவது, தொடுகை. இரண்டு வகை கூடுதலாகப் புழங்குகிறது. ஒன்று போன் மாதிரிக் கண்ணாடியே விரலை உணர்வது. மற்றது திரையைச் சுற்றி ஒரு சட்டம் வைத்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓட, விரல் கதிரை மறிக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. இரண்டாவது விலை குறைவு. நான் ஒரு மண்டபத்தில் அதைத்தான் பூட்டினேன். ஒரு நாள் மழை விட்ட பொழுதில் காவலாளி போன் எடுத்தார், "தம்பி, பெட்டி தன்பாட்டுக்கு வேலை செய்யுது." ஓடிப்போய்ப் பார்த்தால் திரை வெளிச்சத்துக்கு ஈசல் வந்து சட்டத்தில் அப்பிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஈசலும் ஒரு விரல். பக்கங்கள் தாமாகப் புரண்டுகொண்டே இருந்தன. நம்மட ஊருக்கு வருடம் இரண்டு மழை. அந்தச் சட்டத்தைத் திறந்த மண்டபத்தில் பூட்டவே கூடாது.

மூன்றாவது, கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது ஒருவரும் மறந்திருக்க மாட்டோம். யூபிஎஸ் கட்டாயம். அதைவிட முக்கியம், கரண்ட் திரும்பி வந்ததும் யாரும் பட்டன் அமத்தாமல் கணினி தானாக எழும்பி நேராக முதல் பக்கத்துக்கு வரும்படி அமைப்பது. இல்லாவிட்டால் ஒரு வெள்ளிக்கிழமை அணைகிற திரை அடுத்த பரிசளிப்பு விழா வரைக்கும் கறுப்பாகவே நிற்கும். படம், எழுத்து எல்லாம் அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கட்டும். இணையம் அறுந்தாலும் ஓட வேண்டும்.

உயரத்தையும் யோசியுங்கள். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதிகள் கையெட்டும் உயரத்துக்கு மேல் எல்லையாக 48 அங்குலம் சொல்கின்றன. அங்கே பாடசாலைகளில் இப்படித் திரைகள் கனகாலமாக இருக்கின்றன, அவர்கள் விழுந்து எழும்பிப் படித்ததை நாம் சும்மா எடுத்துக்கொள்ளலாம். சக்கர நாற்காலியில் வருகிற முதியவரும் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் தொடக்கூடிய இடத்தில் பட்டன்கள் இருக்க வேண்டும்.

சுவடிக்காரி எழுதியது:

தம்பி சொன்னதெல்லாம் சரி. ஆனால் பொன்னெழுத்து, திரையைக் கடைசியாக வாங்குங்கள். நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்.

பதினைந்து வருடமாகப் பழைய ஆவணங்களோடு வேலை செய்கிறேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1983 யூலைக் கலவரத்தில் இந்தக் கொழும்பில் எத்தனை வீட்டு அல்பங்கள் எரிந்தன என்று யாரும் எண்ணவில்லை. எங்களிடம் மிஞ்சியது இப்படி அலுமாரிகளில் கிடக்கிறவைதான். 2005இல் "நூலகம்" என்ற பெயரில் ஈழத்து நூல்களுக்கான இணையத்தளத்தைத் தொடங்கியவர்கள் முதலில் செய்த வேலையும் கிடைத்ததைத் தேடி எடுத்து ஸ்கேன் பண்ணியதுதான்.

அலுமாரியைத் திறக்கும்போது கவனம். எழுபது எண்பதுகளில் வந்த, பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை ஒட்டும் அல்பம் இருந்தால் படத்தை இழுத்துப் பிடுங்க வேண்டாம். அந்தப் பசை படத்தின் முதுகைத் தின்றிருக்கும். பல்லிடுக்குச் சுத்தம் செய்கிற மெல்லிய நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் விட்டு, மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் கழன்று வரும். வரவே வராதென்றால் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் பண்ணுங்கள். 600 டிபிஐ நுணுக்கத்தில், தரம் குறையாத டிஃப் கோப்பாக. ஏ4 அளவுக்கு நிறத்தில் ஏறத்தாழ 100 எம்பி வரும், வரட்டும். திரைக்கு அதிலிருந்து சின்னதாக ஒரு ஜேபெக் எடுத்துக்கொள்ளலாம். மூலக் கோப்புக்கு மூன்று பிரதி, அதில் ஒன்று பாடசாலைக்கு வெளியே. படத்தின் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் பண்ணுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

பிறகுதான் உண்மையான வேலை. முகங்களுக்குப் பெயர் வைப்பது. நான் செய்கிற முறை இது: குழுப்படத்தைப் பெரிதாக அச்சடித்து, மேலே டிரேசிங் பேப்பர் விரித்து, ஒவ்வொரு தலையையும் வட்டமிட்டு இலக்கம் போடுவேன். பிறகு அந்தக் காலத்தவர்களிடம் கொண்டுபோய் உட்காருவேன். ஒருமுறை காலி வீதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், எண்பது கடந்த ஒரு ரீச்சரிடம் போனேன். முன்வரிசையில் இருந்த அதிபர், உப அதிபர் எல்லாரையும் வேகமாகச் சொல்லிவிட்டார். எனக்கு அவை ஏற்கெனவே தெரியும். பிறகு விரல் படத்தின் ஓரத்துக்குப் போய் நின்றது. தூணுக்குப் பக்கத்தில், வரிசைக்கு வெளியே, சாரம் கட்டிக்கொண்டு ஒருவர். "இவர்தான் மணி அடிக்கிறவர். மழை பெய்தால் சின்னப் பிள்ளைகளை ஒவ்வொருத்தராகத் தன் குடைக்குள்ளே எடுத்துக்கொண்டு பஸ் வரைக்கும் போவார்," என்றார். பெயரையும் சொன்னார். அந்தப் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை, எந்த விழா மலரிலும் இல்லை. நான் இலக்கம் கூடப் போட்டிருக்கவில்லை. அந்த இடத்திலேயே 47 என்று எழுதினேன்.

அந்த ரீச்சர் அடுத்த வருடம் காலமானார். திரையை எப்போதும் வாங்கலாம்.

ஜிந்துப்பிட்டிச் சந்தி எழுதியது:

சுவடிக்காரி அக்கா சொன்ன அந்த 47ஆம் இலக்கத்தைப் பற்றித்தான் எனக்கும் பேசணும்.

எங்க தாத்தா துறைமுகத்துல மூட்டை தூக்கினவர், அப்பா கொட்டாஞ்சேனையில புடவைக் கடையில வேலை செஞ்சவர். எங்க பக்கத்துல விவேகானந்த சபை 1902லேயிருந்து இருக்கு, கொச்சிக்கடையில பொன்னம்பலவாணேசர் கோயில் இருக்கு. கோயிலைக் கருங்கல்லால கட்டுவிச்ச சேர் பொன்னம்பலம் இராமநாதன் பேரு எல்லாருக்கும் தெரியும். கல்லைச் செதுக்கினவன் பேரு யாருக்குத் தெரியும்? நான் இராமநாதனைக் குறை சொல்லலை. திரைன்னு வரும்போது இடம் முடியாதுல்ல, அதைத்தான் சொல்றேன். பலகையில அறுபது பேருதான் எழுதலாம், அதனால டாக்டரும் எஞ்சினியரும் மட்டும் வந்தாங்க. திரையிலயும் அதே அறுபது பேரை ஓட விட்டா அது கரண்ட்ல எரியிற பலகை, அவ்வளவுதான்.

நான் ஒரு இடத்துல பார்த்தேன், பேரு வேணாம். திரையைத் தொட்டதும் முதல்ல வர்றது காசு குடுத்தவங்க படம். ஒவ்வொருத்தரும் பொன்னாடையோட. பிள்ளைங்க ரெண்டு தடவை தொட்டுப் பார்த்துட்டுப் போயிடுது. நாலு பக்கம் தள்ளித்தான் பள்ளிக்கூடம் வருது. வெளிநாட்டுக்காரங்க காசு குடுக்குறாங்கன்னா அவங்க பேரு கடைசியில, சின்ன எழுத்துல வரட்டும்.

ரொறன்ரோ மாமா எழுதியது:

ஜிந்துப்பிட்டித் தம்பிக்கு, கோபமில்லாமல் எழுதுகிறேன். பொன்னெழுத்து சொன்ன அந்தப் பணம் தருகிறவர்களில் நானும் ஒருவன். என் படம் அதில் வர வேண்டாம். எழுதித் தருகிறேன்.

1983 யூலையில் எங்கள் வீடு வெள்ளவத்தையில் எரிந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. உடுத்த உடுப்போடு பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் சமையலறையில் ஒரு இரவும் ஒரு பகலும் இருந்தோம். பிறகு முகாம், பிறகு கப்பலில் யாழ்ப்பாணம். அப்பா அதற்கு மூன்று வருடம் முன்னரே மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய படம் என்று எங்களிடம் ஒன்றுகூட இல்லை. அடையாள அட்டைப் படம் கூட இல்லை. என் பிள்ளைகள் "அப்பப்பா எப்படி இருப்பார்" என்று கேட்டால் நான் என் மூக்கைக் காட்டுவேன்.

அவர் அந்தப் பாடசாலையில் படித்தவர். அம்மா சொல்லித் தெரியும், கிரிக்கெட் அணியில் இருந்தார், 1958க்கும் 1961க்கும் இடையில். அணிப் படம் ஒன்று எடுத்திருப்பார்கள். அந்த அலுமாரிக்குள் அது இருக்கலாம். நான் காசு தருகிறேன் என்று சொன்னதற்குக் காரணம் அது ஒன்றுதான். பொன்னெழுத்து, ஒருதரம் பார்ப்பீர்களா?

ஜிந்துப்பிட்டிச் சந்தி எழுதியது:

ஐயா, மன்னிச்சுக்குங்க. தெரியாம பொதுவா எழுதிட்டேன். பொன்னெழுத்து அண்ணே, அலுமாரி திறக்கிற அன்னைக்கு ஆள் வேணும்னா நான் வர்றேன். ஞாயிறு லீவு.

அச்சுக்கோர்ப்பு எழுதியது:

முப்பது வருடம் விழா மலர்கள் பக்கம் அமைத்தவன். யாரும் தொடாத ஒரு சிக்கலைச் சொல்கிறேன்.

உங்கள் பாடசாலையின் பொன்விழா மலர், பரிசளிப்பு அறிக்கை எல்லாம் யாராவது கணினியில் வைத்திருப்பார்கள். நல்லது. ஆனால் 90களிலும் அதற்குப் பின்னும் இலங்கையில் அடித்ததில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில். பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் குவியலாக வரும். உள்ளே இருப்பது உண்மையில் அதுதான். எழுத்துரு மேலே தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. அதை எல்லாக் கணினியும் தமிழாகவே அறியும் யூனிகோட்டுக்கு மாற்றாமல் திரையில் ஏற்றினால், பார்க்கலாம், தேட முடியாது. மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாக ஒப்புநோக்க வேண்டும்.

அடுத்தது பெயர். மலரில் "சி. கந்தசாமி" என்று இருக்கும். அதே ஆள் ஆங்கில அறிக்கையில் எஸ் என்ற முதலெழுத்தோடு இருப்பார். மூன்றாவது இடத்தில் யாரோ "கந்தசுவாமி" என்று அடித்திருப்பார்கள். பேரப்பிள்ளை வந்து தேடும்போது ஒரு எழுத்து பிழைத்தால் "இல்லை" என்று திரை சொல்லிவிடும். தாத்தா இல்லை என்று ஒரு பெட்டி சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு இலக்கம், அதன்கீழ் அவர் பெயர் எழுதப்பட்ட எல்லா வடிவமும், தமிழ், ஆங்கிலம், சிங்களம் மூன்றிலும். இதற்கு ஒரு எக்ஸெல் தாள் போதும், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசம். பொறுமைதான் விலை கூடியது.

மருதானை நானா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

படம் பற்றியே எல்லாரும் பேசுறீங்க. குரலையும் எடுங்க. எங்கட வாப்பாட கூட்டாளி ஒருத்தர் போன நோன்புக்கு வந்தவர், ஏ.எம்.ஏ. அஸீஸ் அதிபராக இருந்த காலத்தில இங்க ஸாஹிராக் கல்லூரியில படிச்சவர். 1948 முதல் 1961 வரைக்கும் அஸீஸ்தானே அதிபர். தமிழறிஞர் சிவத்தம்பி சேர் ஸாஹிராவில படிச்சு அங்கேயே படிப்பிச்சவர், அந்த வகுப்பு எப்படி இருக்கும், சோக்கட்டியைப் பிடிக்கிற விதம், பெடியன்மார் எந்தக் கேள்விக்குப் பயப்படுவாங்க என்றெல்லாம் இந்தப் பெரியவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நான் போனைக் கையில வைச்சிருந்தும் பதிய நினைவு வரல்ல. இப்ப அவருக்கு பேச்சு சரியா வாறதில்ல.

இன்னொண்டு. கொழும்பில ஒரு தமிழ்ப் பாடசாலையின்ட கதை ஒரு சமூகத்தின்ட கதை மட்டும் இல்ல. யாழ்ப்பாணத்து வாத்தியார், மலையகத்துப் பிள்ளை, முஸ்லிம் கூட்டாளி, பக்கத்துச் சிங்களக் குடும்பம். திரையில மூணு மொழியும் வரட்டும்.

கறுப்பு அங்கி எழுதியது:

சட்டத்தரணி என்ற முறையில் சில விடயங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதை மனதில் வைத்து வேலையைத் தொடங்குங்கள். மாணவர் அனுமதிப் பதிவேட்டைத் திரையில் ஏற்றவே வேண்டாம். அதில் முகவரி, தகப்பன் தொழில், பிறந்த திகதி எல்லாம் இருக்கும். இப்போது படிக்கிற பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும்.

இதைவிடக் கனமான ஒன்று. நீங்கள் 70களின் கடைசியிலிருந்து 2009 வரைக்கும் படங்களுக்குப் பெயர் வைக்கும்போது, கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் அந்த வரிசைகளில் நிற்பார்கள். "அமரர்" என்று ஒரு சொல்லை நீங்கள் தட்டச்சு செய்வீர்கள். பிள்ளை இன்னும் வருவான் என்று இருக்கிற ஒரு தாய்க்கு அந்தச் சொல் என்ன செய்யும் என்று யோசியுங்கள். அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் எதுவும் எழுத வேண்டாம். பெயரும் படித்த ஆண்டும் மட்டும் போதும் என்று அவர்கள் சொன்னால் அதோடு நிறுத்துங்கள்.

திரைவேலைத் தம்பி எழுதியது:

ஒன்றை மறந்துவிட்டேன். மாதச் சந்தா கட்டி வெளிநாட்டு நிறுவனத்தின் மென்பொருளில் போடச் சொல்லி யாராவது வந்தால் முதல் கேள்வி: நாங்கள் சந்தா நிறுத்தினால் எங்கள் படமும் பெயரும் எந்த வடிவில் திரும்பக் கிடைக்கும்? பதில் தெளிவாக இல்லையென்றால் கையெழுத்து வைக்காதீர்கள். ஒமேகா போன்ற திறந்த மென்பொருள் இருக்கிறது, சேகரிப்புகளை வைக்கவென்றே பல்கலைக்கழகத்தவர்கள் செய்தது. அச்சுக்கோர்ப்பு ஐயா சொன்ன எக்ஸெல் தாளை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து அதில் ஏற்றலாம். உலாவியை முழுத்திரையில் பூட்டிவிட்டால் அதுவே உங்கள் தொடுதிரை. வந்தவர் பிழை கண்டால் சொல்ல "இது யார் என்று எனக்குத் தெரியும்" என்று ஒரு பட்டன் வையுங்கள். நான் செய்த வேலைகளில் அதிகம் தேய்ந்த பட்டன் அதுதான்.

சுவடிக்காரி எழுதியது:

அந்தப் பட்டனுக்கு நான் இரண்டு கையாலும் வாக்களிக்கிறேன். ஆனால் வருகிற பதில் நேரே திரைக்குப் போகாமல் ஒருவர் பார்த்து ஏற்ற வேண்டும், அந்த ஒருவர் யார் என்று செயற்குழு வருடாவருடம் பெயர் குறிக்க வேண்டும்.

பொன்னெழுத்து, உதிர்ந்துபோன 1964, 65, 66க்கு வழி இருக்கிறது. கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் கூடத்தில் பழைய பத்திரிகைத் தொகுதிகள் இருக்கின்றன. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. பாடசாலை விளையாட்டுச் செய்திகளை அந்த நாளில் பெயரோடு போடுவார்கள். 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகத்திலும் மலர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பொன்னெழுத்து எழுதியது:

போயா (பௌர்ணமி) விடுமுறையன்று அலுமாரியைத் திறந்தோம். ஜிந்துப்பிட்டித் தம்பி சொன்னபடி வந்தார், மத்தியானச் சாப்பாடும் கட்டிக்கொண்டு. அதிபர் கூட இருந்தார். நானூறுக்கு மேல் படங்கள். கீழ்த்தட்டில் இருந்தவை ஈரலிப்பில் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருக்கின்றன, அவற்றைத் தொடாமல் சுவடிக்காரி அக்காவுக்காக வைத்திருக்கிறோம்.

ரொறன்ரோ மாமா, கிரிக்கெட் அணிப் படம் ஒன்று இருக்கிறது. 1960. தடித்த மட்டையில் ஒட்டியது, கீழே "இருப்பவர்கள், இடமிருந்து வலம்" என்று பெயர்கள் சுத்தமாக இருக்கின்றன. "நிற்பவர்கள்" வரியைப் பூச்சி தின்றுவிட்டது. இருப்பவர்களில் உங்கள் அப்பாவின் பெயர் இல்லை. நிற்கிறவர்கள் ஆறு பேர். ஸ்கேன் பண்ணிய கோப்பை உங்களுக்குத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.

ரொறன்ரோ மாமா எழுதியது:

கோப்பு கிடைத்தது. இரவு முழுக்கப் பார்த்தேன். ஆறு பேரில் இரண்டு பேர் மேல் சந்தேகம், எனக்குத் தீர்க்கமாகச் சொல்ல ஏலாது. எட்டு வயதில் கண்ட முகம். தெஹிவளையில் என் அத்தை இருக்கிறா, அப்பாவின் தங்கை, 81 வயது. அவவுக்குப் போன் படத்தில் சின்னதாகத் தெரியாது. யாராவது பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்ட முடியுமா?

ஜிந்துப்பிட்டிச் சந்தி எழுதியது:

நானும் பொன்னெழுத்து அண்ணனும் நேத்து போனோம். டிரேசிங் பேப்பர் விரிச்சு, அக்கா சொன்ன மாதிரி இலக்கம் போட்டுக் கொண்டுபோனோம். அந்தம்மா கண்ணாடியைத் துடைச்சிட்டு வந்து உக்காந்தாங்க. இலக்கத்தையெல்லாம் பார்க்கவே இல்லை. டிரேசிங் பேப்பரைத் தூக்கிட்டு நேரா நாலாவது ஆள் மேல விரலை வெச்சாங்க. "அண்ணா" என்றாங்க. கொஞ்ச நேரம் விரலை எடுக்கலை.

பிறகு அவங்களே, "சட்டைக் கொலர் நான்தான் தைச்சுக் குடுத்தது, ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கி நிக்கும் பாருங்கோ" என்றாங்க. பார்த்தோம். தூக்கித்தான் நிக்குது. பக்கத்துல நிக்கிறவர் பேரையும் சொன்னாங்க, அவர் பம்பலப்பிட்டியில மருந்துக்கடை வெச்சிருந்தவராம். அதையும் பதிவு பண்ணிட்டோம், குரலோட, நானா சொன்ன மாதிரி.

பொன்னெழுத்து எழுதியது:

மாமா, உங்கள் அப்பா மட்டும் தனியாக வெட்டிய படத்தை டிஃப் கோப்பாகவே அனுப்புகிறேன், தரம் குறையாமல் ஓரளவு பெரிதாக அச்சடிக்கலாம்.

செயற்குழுவில் நேற்று முடிவெடுத்தோம். இந்த வருடம் திரை வாங்குவதில்லை. முதல் காசு ஒரு நல்ல ஸ்கேனருக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்கும், முதியவர்களைப் பார்க்கப் போகிற பிள்ளைகளின் பஸ் செலவுக்கும். உயர்தர மாணவர்கள் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

1960 அணியில் நிற்பவர்களில் மற்ற நாலு பேர் யார் என்று இன்னும் தெரியவில்லை. இடமிருந்து முதலாமவர் நல்ல உயரம், இடக்கையில் கட்டுப் போட்டிருக்கிறார். ஆறாமவரின் சப்பாத்து மற்றவர்களுடையது போல வெள்ளை இல்லை. உங்கள் வீட்டில் யாராவது அந்த வருடங்களில் கொழும்பில் கிரிக்கெட் விளையாடினார்களா என்று கேட்டுப் பாருங்கள். படத்தை இங்கே இணைத்திருக்கிறேன்.